சிவப்புக்கு மேலே நீலம்

காலை பத்து நாற்பதுக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது.

ஆறாம் வகுப்பின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் அறை. ஒரு கதவு, ஒரு சுவிட்ச், மாடித் தொட்டிக்கு ஏறும் ஒரு குழாய். மோட்டார் ஓடும்போது கடைசி பெஞ்சில் வைத்த பேனா மூடி தானாக நகரும்.

பெரும்பாலான நாட்களில் அதே பத்து நாற்பதுக்குத்தான் கணக்குப் பாடமும் தொடங்கும்.

கணக்கு சாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இடி. அவர் கரும்பலகை அருகே நின்று பேசினால் வாசலில் காவலாளி எழுந்து நிற்பார் என்று சொல்வார்கள். இடி சாருக்கும் அது தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

"மனக்கணக்கு. பத்து கேள்வி. விடையை மட்டும் எழுதணும். ஒரு தடவைதான் சொல்வேன்," என்றார்.

சொன்னார். எழுதினார்கள். அவர் தாள்களை வாங்கிப் பார்த்தார். கடைசி பெஞ்சின் மூன்று தாள்கள் வந்ததும் நிறுத்தினார்.

"பஞ்சு, எழுந்திரு. எத்தனை எழுதின?"

பஞ்சு எழுந்தான். வகுப்பிலேயே உயரமானவன் அவன். வகுப்பிலேயே மெல்லப் பேசுபவனும் அவன்தான். உயரமானவர்கள் பின்னால் உட்கார வேண்டும் என்பதால் அவன் இடம் கடைசி பெஞ்ச்.

அவன் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மார்க்," என்றார் இடி சார். "அந்த ஒண்ணும் குருட்டாம்போக்குல வந்தது. திங்கட்கிழமையிலேர்ந்து கணக்கு நேரத்துல மூணு பேரும் அஞ்சாம் வகுப்புல போய் உட்காருங்க. அங்க இப்ப கூட்டல் நடக்குது."

யாரோ சிரித்தார்கள். பஞ்சு சிரிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் அவன் தங்கை படிக்கிறாள்.

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அவளை எல்லோரும் அடம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"சார், அவங்களுக்குக் கணக்குத் தெரியும். கேள்விதான் கேக்கல. பின்னாடி மோட்டார் சத்தம்."

"எனக்குக் கேக்கலையே?"

"நீங்க முன்னாடி நிக்கிறீங்க சார்."



"என் குரலுக்கு முன்னாடி அந்த மோட்டாரா?" என்றார் இடி சார். "சாக்கு சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு. உட்காரு."

அடம் உட்கார்ந்தாள். ஆனால் ரொம்ப மெதுவாக.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் பஞ்சு நின்றிருந்தான். அடம் வந்தாள்.

"விட்டுடு. நீ எதுக்கு வம்புல மாட்டிக்கிற?"

"விடமாட்டேன்."

"அஞ்சாம் வகுப்புக்குப் போறதுகூடப் பரவாயில்ல. என் தங்கச்சி இருக்காளே... சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவா. 'அண்ணா, ஏழும் எட்டும் எத்தனை?'ன்னு கேட்டுட்டுத்தான் தட்டை நகத்துவா."

"சார் ஒரு அளவு இருக்குன்னு சொன்னார்ல?" என்றாள் அடம். "அளந்து காட்டுறேன்."

பிற்பகல் கம்ப்யூட்டர் வகுப்பு. அந்த வாரம் பைத்தான் என்ற கணினி மொழியில் பரப்பு வரைய வேண்டும். மிஸ் திரையில் காட்டினார். தரையில் கட்டம் கட்டமாக இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எண். எண் பெரிதானால் அங்கே உயரம், சிறிதானால் பள்ளம். எல்லா உயரங்களுக்கும் மேலே ஒரு போர்வையைப் போர்த்தினால் வருவதுதான் பரப்பு.

பிள்ளைகள் மலை போட்டார்கள். ஒருவன் தொப்பி போட்டான். இன்னொருத்தி மலை போடப் போய் ஈரத்துணி மாதிரி ஏதோ வந்தது.

அடம் கையைத் தூக்கினாள். "மிஸ், ஒரே படத்துல ரெண்டு பரப்பு போடலாமா?"

"ஒரு படம், ஒரு பரப்பு. அதையே இன்னும் ஒழுங்கா போடக் காணோம்."

"எனக்கு ரெண்டு வேணும் மிஸ். ஒண்ணு இடி... கணக்கு சாரோட குரல். இன்னொண்ணு மோட்டார். வகுப்புல ஒவ்வொரு இடத்துலயும் எது ஜாஸ்தின்னு பாக்கணும்."

மிஸ் சொன்னார்: "சொன்னதைச் செய்யாம வேற செஞ்சா மார்க் குறைப்பேன்."

"குறைச்சுக்கோங்க மிஸ்."

மிஸ் அலமாரியைத் திறந்தார். உள்ளே பள்ளிக்குச் சொந்தமான பழைய போன் ஒன்று இருந்தது. சத்தத்தை அளந்து எண்ணாகக் காட்டும் செயலி அதில் இருந்தது.

"கீழ போட்டுடாதே," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

புதன்கிழமை முதல் பாடமே கணக்கு. அந்த நேரத்தில் மோட்டார் ஓடாது. அடம் நேராக மேசையருகே போனாள்.

"சார், உங்க குரலை அளக்கணும்."

"என்னது?"

"எவ்வளவு பலமா இருக்குன்னு. ஒவ்வொரு பெஞ்சுலயும் இந்தப் போனை வெச்சுப் பாப்போம்."

இடி சார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "தாராளமா அளந்துக்கோ. கருவி தாங்குமான்னு மட்டும் பாத்துக்கோ."

போன் பெஞ்ச் பெஞ்சாகப் போனது. முதல் பெஞ்சில் எண் எகிறியது. பின்னால் போகப் போக இறங்கியது. பஞ்சு ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டான்.

வியாழன் மூன்றாவது பாடம் விளையாட்டு. எல்லோரும் மைதானத்துக்கு ஓடினார்கள். அடமும் பஞ்சுவும் காலி வகுப்பில் இருந்தார்கள். பத்து நாற்பதுக்கு மோட்டார் உறுமியது. இப்போது எண்கள் தலைகீழாக வந்தன. முன்னால் கம்மி, பின்னால் அதிகம்.

"எழுபத்து மூணு!" என்று கடைசி பெஞ்சிலிருந்து அடம் கத்தினாள்.

"என்ன?" என்றான் பஞ்சு, அடுத்த பெஞ்சிலிருந்து.

அடம் விரலால் காட்டினாள். காட்டிவிட்டுச் சிரித்தாள். "பாத்தியா? பக்கத்துல இருந்தே கேக்கல."

அன்று பிற்பகல் கம்ப்யூட்டர் அறையில் முதலில் குரலை வரைந்தாள். அழகான சரிவு வந்தது. அதே படத்துக்குள் மோட்டாரையும் வரையச் சொன்னாள். வந்தது. ஆனால் இரண்டுமே வானவில் நிறத்தில் இருந்தன. எது சார், எது மோட்டார் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆளுக்கு ஒரு நிறம் குடு," என்றான் பஞ்சு. "சாருக்குச் சிவப்பு. கோவம் வந்தா அவர் காதே சிவப்பாயிடும்."

குரலுக்குச் சிவப்பு. மோட்டாருக்கு நீலம்.

ஓட்டினாள். படம் வந்தது. அதே நேரம் கதவருகே ஒரு குரல் கேட்டது. மிஸ்ஸிடம் ஏதோ வாங்க வந்த இடி சார்.

"என் குரல் எப்படி வந்திருக்கு?"

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். அடமும் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

சிவப்பு முழுவதும் மேலே இருந்தது. முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்ச் வரைக்கும். நீலம் அடியில் எங்கோ ஓரமாக எட்டிப் பார்த்தது.

"ஆகா," என்றார் இடி சார். "உன் படமே சொல்லுதே! என் குரல்தான் மேல. திங்கட்கிழமை மறந்துடாதே பஞ்சு."

அவர் போன பிறகும் அவர் சிரிப்பு படிக்கட்டில் கேட்டது.

"நான்தான் சொன்னேன்ல, விட்டுடுன்னு," என்றான் பஞ்சு.

அடம் எண்களைப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் குரல் அறுபது. மோட்டார் எழுபத்து மூன்று. அறுபது எப்படி எழுபத்து மூன்றுக்கு மேலே போகும்?

அவள் சுட்டியால் படத்தைப் பிடித்துத் திருப்பினாள். சிவப்பும் நீலமும் சேர்ந்து சுழன்றன. இன்னும் திருப்பினாள். சட்டென்று நீலம் முழுவதும் மேலே வந்து உட்கார்ந்தது. முதல் பெஞ்ச் உட்பட.

மறுபடி திருப்பினாள். சிவப்பு மேலே வந்தது. இன்னொரு தடவை. நீலம்.

"டேய், இது பொய் சொல்லுது! கரும்பலகைப் பக்கம் நின்னு பாத்தா சார் மேல. மோட்டார் பக்கம் நின்னு பாத்தா மோட்டார் மேல."

"அப்ப எது நிஜம்?"

"ரெண்டும் இல்ல. முன்னாடி சிவப்பு மேல இருக்கணும், பின்னாடி நீலம் மேல இருக்கணும். ஒண்ணை ஒண்ணு நடுவுல வெட்டிக்கிட்டுப் போகணும். இதுக்கு அது தெரியல."

மணி அடித்தது. மிஸ் விளக்கை அணைத்தார்.

அன்று மாலை அடம் வீட்டுத் தரையில் இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சிவப்பை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தாள். நீலத்தை மறுபக்கம் சாய்த்துப் பிடித்தாள். இரண்டும் இடித்துக்கொண்டன.

அப்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "ஏம்மா, முறைச்சா தாள் பயந்துடுமா?"

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகணும்பா. போகமாட்டேங்குது."

"ஒண்ணு மேல ஒண்ணு வையேன்."

"அதைத்தான் கம்ப்யூட்டரும் பண்ணுது. ஒண்ணு முழுசா மேல, இன்னொண்ணு முழுசா கீழ."

தம்பி வாண்டு வந்தான். ஒரு தாளை இழுத்தான். அவள் இழுத்துப் பிடித்தாள்.

சிவப்பு முன்னால்தான் மேலே வர வேண்டும். நடுவுக்குப் பிறகு அது நீலத்துக்கு அடியில். அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. தெரியப்போகாததை எதற்கு வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும்?

"அப்பா, கத்தரிக்கோல் எங்க?"

"அது பள்ளிக்கூடத் தாளா?"

"ஆமா."

"அப்ப என்னைக் கேக்காம வெட்டிக்கோ. நான் பாக்கல."

அடம் சிவப்புத் தாளின் பின்பாதியை வெட்டினாள். நீலத் தாளின் முன்பாதியை வெட்டினாள். மிச்சம் இரண்டையும் கூரை மாதிரி, ஆனால் தலைகீழாக, ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறவில்லை. முன்னால் சிவப்பு. பின்னால் நீலம்.

வெட்டி எறிந்த துண்டுகளை வாண்டு தலையில் கவிழ்த்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினான்.

வெள்ளிக்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே அவள் கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றாள். மிஸ் ஒரு கையில் டீயும் மறு கையில் சாவியுமாக வந்தார்.

அடம் ஒரு புதிய வரி எழுதினாள். எந்த இடத்தில் மோட்டார் எண் பெரியதோ, அந்த இடத்தில் குரலுக்கு எண் கிடையாது. அடுத்த வரி அதற்கு நேர்மாறாக. எந்த இடத்தில் குரல் பெரியதோ, அங்கே மோட்டாருக்கு எண் கிடையாது. எண் இல்லாத இடத்தில் வரைய ஒன்றுமில்லை.

ஓட்டினாள். முதல் மூன்று பெஞ்சுகளுக்குச் சிவப்பு. பிறகு சந்து மாதிரி ஒரு வெள்ளை இடைவெளி. அதற்குப் பின்னால் நீலம், சுவர் நோக்கி ஏறியது. திருப்பினாள். மாறவில்லை. சுற்றிச் சுற்றித் திருப்பினாள். மாறவே இல்லை.

மிஸ் டீயை மறந்து நின்றார். "இதை யார் சொல்லிக் குடுத்தா?"

"கத்தரிக்கோல் மிஸ். இதை அச்செடுத்துக் குடுங்க."

"கலர் மை கொஞ்சம்தான் இருக்கு."

"கறுப்பு வெள்ளையில எடுத்தா சாரும் மோட்டாரும் ஒண்ணாத்தான் தெரிவாங்க மிஸ்."

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அச்சு இயந்திரத்தைப் போட்டார். தாளை நீட்டும்போது சொன்னார்: "மார்க் குறைப்பேன்னு சொன்னது அப்படியேதான் இருக்கு."

"சரி மிஸ்," என்றாள் அடம். போன் அவள் பையிலேயே இருந்தது.

பத்து நாற்பது. மோட்டார் உறுமியது. இடி சார் உள்ளே வந்தார். கரும்பலகையில் படம் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் அடம் நின்றிருந்தாள்.

"இதை நேத்தே பாத்தாச்சே."

"நேத்து பாத்தது பொய் சார்."

"உன் படம்தானே அது?"

"ஆமா சார். நான் போட்ட பொய்தான். திருப்பிப் பாத்தப்ப மாட்டிக்கிச்சு. இதை எப்படித் திருப்பினாலும் இப்படித்தான் இருக்கும்." அவள் விரல் வைத்துக் காட்டினாள். "இங்க வரைக்கும் உங்க குரல். இதுக்குப் பின்னாடி மோட்டார். கடைசி பெஞ்சுல சிவப்பே கிடையாது. வெட்டி எறிஞ்சுட்டேன்."

"என் குரலையா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. இடி சாரின் காது சிவந்தது. பஞ்சு அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"மோட்டாருக்கு அடியில போன குரலை மட்டும் சார்."

"படத்தை யார் வேணா எப்படி வேணா போடலாம்."

"அப்ப நீங்க அங்க போய் உட்காருங்க. நான் இங்கேருந்து மனக்கணக்கு சொல்றேன்."

இடி சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"உன் குரலும் என் குரலும் ஒண்ணா? நீ குருவி மாதிரி கத்துவே. கேக்கலைன்னா அது மோட்டார் தப்பா?"

நியாயமான கேள்வி. அடம் ஒரு கணம் யோசித்தாள். பிறகு போனை எடுத்து முதல் பெஞ்சில் வைத்தாள்.

"புதன்கிழமை உங்க குரல் இங்க எழுபத்தெட்டு சார். அந்த எண் வர்ற வரைக்கும் ஆள் சேத்துக்குறேன்."

அவள் கத்தினாள். போதவில்லை. முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டாள். இன்னும் போதவில்லை. நான்கு பேர் சேர்ந்து ஒரே குரலில் "முப்பத்தாறு" என்று அலறியபோது போன் எழுபத்தெட்டைத் தொட்டது.

"நாலு பேரா?" என்றார் இடி சார். அவர் முகத்தில் ஒரு சிறு மலர்ச்சி வந்து போனது.

"நாலு பேர் சார்."

"சரி. அஞ்சு கணக்கு. அஞ்சையும் நான் சரியா எழுதிட்டா திங்கட்கிழமை மூணு பேரும் கீழ் வகுப்பு. நீயும் கூடப் போற."

"போறேன் சார். எழுதலைன்னா?"

"எழுதலைன்னா யாரும் எங்கயும் போக வேண்டாம். மோட்டார் நேரத்தை மாத்தச் சொல்லி நானே போய்ச் சொல்றேன்."

அவர் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். பஞ்சு நகர்ந்து இடம் கொடுத்தான்; அவனும் ஒரு தாள் எடுத்துக்கொண்டான். பெஞ்ச் அவருக்குச் சின்னது. முழங்கால் இடித்தது. பேனாவைத் திறந்து மூடியை மேசைமேல் வைத்தார். மூடி மெல்ல நகர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். இழுத்து வைத்தார். அது மறுபடி நகர்ந்தது.

"ஒரு தடவைதான் சொல்வோம் சார்!" என்றார்கள் நால்வரும்.

முதல் கணக்கு. அவர் எழுதினார்.

இரண்டாவது. முன்னால் சாய்ந்தார். எழுதினார். அடித்தார். வேறு எழுதினார்.

மூன்றாவது. காதின் பின்னால் கையை வைத்தார். அவர்களின் வாயையே பார்த்தார். பேனா தாளுக்கு மேலே நின்றது.

நான்காவது. அவர் கண் மெதுவாகப் பக்கத்தில் போனது. பஞ்சு தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டான்.

முன்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். பஞ்சு சாரிடம் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று முன்னால் கேட்கவில்லை. இடி சார் அவனைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவையாக அந்தச் சுவரையும் திரும்பிப் பார்த்தார்.

பிறகு கையைத் தூக்கினார், மற்ற பிள்ளைகள் தூக்குவது போல.

"இன்னொரு தடவை சொல்லுங்க!"

"ஒரு தடவைதான் சார்!"

ஐந்தாவது கணக்கும் முடிந்தது. சாரின் தாளில் கடைசி மூன்று இடமும் காலி. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பேனா மூடி மேசையின் ஓரம் வரை போய்க் கீழே விழுந்தது. பஞ்சு குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

அடம் கரும்பலகை அருகே நேராக நின்றாள். இப்போது தனியாகக் கேட்டாள், தன்னால் முடிந்த அளவுக்குப் பலமாக.

"சார், எத்தனை எழுதினீங்க?"